பதுங்கி உட்கார்ந்து ஒரு அம்பு

எங்க ஊர் சாமி பன்றி. தப்பா எடுத்துக்காதீங்க, பக்தியோடதான் சொல்றேன். திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயிலில் நிற்கிறவர் வராகர். காலவ ரிஷியோட 360 பெண்களை நாளைக்கு ஒருத்தராகக் கட்டிக்கிட்டு, கடைசி நாள் எல்லாரையும் ஒரே தாயாராக்கி இடப்பக்கம் வெச்சுக்கிட்டாராம். திரு-இட-எந்தைதான் திருவிடந்தை ஆச்சுன்னு சொல்வாங்க. கல்யாணம் தள்ளிப்போகிற பிள்ளைகள் கழுத்தில் மாலையோட பிராகாரம் சுத்துறதை ஈசிஆர்ல போறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது பார்த்திருப்பீங்க. இன்னும் தெற்கே போனா மாமல்லபுரத்தில் வராக மண்டபம், ஆதிவராகர் குகைக்கோயில். இந்தக் கரை முழுக்கவே பன்றிக்குக் கும்பிடு போட்ட கரை.

ஆனா உள்ளே மதுராந்தகம் பக்கம் மணிலாக்கொட்டை போட்டிருக்கிற என் சித்தப்பாகிட்ட இதைச் சொல்லிப்பாருங்க. ராத்திரி ஒரு கூட்டம் இறங்கி முக்கால் ஏக்கரை உழுதுட்டுப் போன மறுநாள் அவர் வராகரைப் பத்திச் சொன்னதை இங்கே எழுத முடியாது :-)

இப்ப எதுக்கு இந்தப் பேச்சுன்னா, டெக்சாஸில் இருக்கிற என் அக்கா பையன் வில்வேட்டை கத்துக்கிட்டிருக்கான். சக்கரம், கேபிள் எல்லாம் வெச்ச நவீன வில் இல்ல. குறி பார்க்கும் முள் கூட இல்லாத, வெறும் மரமும் நாணும் உள்ள பழைய வகை வில். காய்ந்த கிளை, புல் எல்லாம் வெச்சுத் தரையில் ஒரு மறைப்பு கட்டி, அதுக்குள்ள ஸ்டூல் போட்டு நாலு மணி நேரம் அசையாம உட்கார்றானாம். போட்டோ அனுப்பிட்டுக் கேட்கிறான்: "மாமா, நம்ம ஊர்ல பன்னி தொல்லைன்னு எல்லாரும் அழறீங்க. வில்லுக்குப் பேர் போன ஊருங்கிறீங்க. இதுக்கு லைசென்ஸ் குடுத்தா ரெண்டு பிரச்சினையும் தீருமே?"

கேள்வி அசட்டுக் கேள்வி இல்ல. அதனால கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லணும்.

முதல்ல அவன் பக்கத்து நியாயம். தரையில் பதுங்கி உட்கார்ந்து பன்றிக்குக் காத்திருக்கிறது அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சது இல்ல. பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை இருக்கு. கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல பாடினது. நம்ம தொண்டை மண்டலத்துப் பாட்டு. அதில் எயினர்கள் வர்ற இடத்தைத் தேடிப் படிங்க. மழை இல்லாத காலம். தண்ணி தேடி மிருகம் வர்ற இடம், மான் குளம்பு பதிஞ்ச தடம். அங்கே குழி தோண்டி, உள்ளே ஒடுங்கி, வளைஞ்ச கொம்பு வெச்ச பன்றி வருதான்னு நடுராத்திரியில் காத்திருக்கிறான் வேடன். அந்த வேட்டை வாய்க்கலைன்னா விடிஞ்சதும் நாயைக் கூட்டிக்கிட்டு, வலையைக் கட்டி முயலுக்குப் போறான். தண்ணி, தடம், மறைவு, காத்திருப்பு, வெறுங்கையோட திரும்புறது, எல்லாம் அதில் இருக்கு. மருமகன் நாலு மணி நேரத்துக்கே பெருமைப்படுறான், நம்ம ஆள் பாதி ராத்திரி குழிக்குள்ளே கிடந்திருக்கான்.

பழக்கின மிருகத்தைக் கட்டிவெச்சு காட்டு மிருகத்தை வரவழைக்கிறதுக்குத் தமிழில் 'பார்வை'ன்னு பேரு. கண்ணுக்கும் அதே சொல், பொறிக்கும் அதே சொல். பரண், வலை, கண்ணி, பார்வைன்னு இத்தனை சொல் ஒரு மொழியில் சும்மா சேராது.

மறைஞ்சு அடிக்கிறது தர்மமான்னு ஒரு கேள்வி வரும். வாலி கேட்ட கேள்வி. வால்மீகியில் இராமன் சொல்கிற பதில்களில் ஒண்ணு சுத்தமான வேட்டைக்காரன் பதில்: மிருகத்தை மறைஞ்சும் அடிக்கலாம், வலை போட்டும் பிடிக்கலாம், நீயோ வானரம். கம்பன் அந்த இடத்தில் இலட்சுமணனைப் பேச வைக்கிறார். தம்பிக்கு முதல்லயே வாக்குக் கொடுத்தாச்சு, நேரில் வந்தா நீயும் சரணம்னு விழுந்திடுவே, அதான் மறைஞ்சு நின்னார்னு. பட்டிமன்றத்துக்கு இன்னும் நூறு வருஷம் ஓடும் விஷயம். என் பங்குக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன்: வாலி விஷயத்தில் எப்படியோ, பன்றி விஷயத்தில் மறைவு தப்பே இல்ல. மறையாம அதுகிட்ட இருபது கஜம் போக முடியாது. (எங்க பெருமாளைப் பாடின திருமங்கையாழ்வாரே வழிமறிச்சுக் கொள்ளையடிக்கப் பதுங்கி நின்னவர்தானே. வேடுபறின்னு அதுக்கு ஒரு உற்சவமே இருக்கு.) எனக்கு உறுத்துறது அம்பு கிளம்பினதுக்கு அப்புறம் நடக்கிறது.

இதை யாரும் விவரமா சொல்றதில்ல. துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியால் வீழ்த்தும். அம்பு அப்படி இல்ல. முனையில் இருக்கிற பிளேடு நுரையீரலை அறுத்து, ரத்தம் போய்த்தான் மிருகம் விழணும். சரியான இடத்தில் பட்டா சில நொடிதான். ஒரு சாண் தள்ளிப் பட்டா? பட்டதும் பின்னாலேயே ஓடாதே, அரை மணி, சில சமயம் பல மணி நேரம் காத்திரு, அப்புறம் ரத்தத்தடம் பிடிச்சுப் போன்னுதான் வில்வேட்டைக்காரர்களே சொல்லிக்கொடுக்கிறாங்க. சீக்கிரம் துரத்தினா அது எழுந்து இன்னும் தூரம் போய்ச் சாகும். பழைய வகை வில்லில் அம்பு நொடிக்கு சுமார் 180 அடி போகும். இருபது கஜம்னா 60 அடி. மூணில் ஒரு பங்கு நொடி. சத்தமோ நொடிக்கு 1100 அடிக்கு மேல. அதாவது நாண் விட்ட சத்தம் அம்புக்கு முன்னாடியே காதுக்குப் போயிடும். அது ஒரு துள்ளு துள்ளினா போச்சு, நீங்க குறிவெச்ச இடத்தில் இப்ப நுரையீரல் இல்ல, குடல் இருக்கு. அதிலும் கிடாப்பன்றிக்குத் தோள்பட்டை மேல தடிச்ச கவசம் மாதிரி ஒரு தோல் உண்டு, இதயம் ரொம்பத் தாழ்வா முன்னங்கால் பக்கம் இருக்கும். குறி தப்பறதுக்குன்னே செஞ்ச உடம்பு.

காத்து இன்னொரு கதை. பன்றிக்குக் கண் மந்தம், மூக்குதான் எல்லாம். எங்க கரையில் மத்தியானம் கடற்காத்து கிழக்கேர்ந்து ஏறும். ராத்திரி அது அடங்கி, தரையிலேர்ந்து கடலைப் பார்க்கத் திரும்பும். சாயங்காலம் சரியா கட்டின மறைப்பு நடுராத்திரியில் உங்க வேர்வையைப் பன்றிக்குத் தூது அனுப்பும். இதெல்லாம் தெரிஞ்சு, பல வருஷம் பழகினவனுக்கே பத்துத் தடவைக்கு ஒண்ணு வாய்க்கும் வேலை. அதை வார இறுதியில் சென்னையிலிருந்து கார் எடுத்துட்டு வர்றவங்க கையில் கொடுத்தா, கரும்புக் கொல்லைக்குள்ள அம்போட ஒரு கிடா நிற்கும், காலையில் அதுக்குள்ள தோகை உரிக்கப் போறது கூலிக்கு வந்த பொம்பளைங்க. பிரிட்டனில் வில்வேட்டைக்கே தடை, அங்கே துப்பாக்கிதான். வெள்ளைக்காரன் செய்யறதெல்லாம் சரின்னு சொல்ல வரல. ராபின்ஹூட் ஊரிலேயே இப்படின்னு ஒரு தகவல், அவ்வளவுதான்.

டெக்சாஸ் கணக்கு நமக்கு ஒத்துவராததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அங்கே பன்றி வந்தேறி. ஐரோப்பியர் கொண்டுவந்து விட்டது, பல்கிப் பெருகி, வருஷம் பூரா அடிக்கலாம்னு ஆயிடுச்சு. இங்கே அது மண்ணின் மைந்தன். காட்டை அதுதான் கிளறிவிடுது, புலிக்கும் சிறுத்தைக்கும் அதுதான் சாப்பாடு.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பார்த்துடுவோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1991 திருத்தத்துக்கு அப்புறம் பொழுதுபோக்கு வேட்டைக்கு லைசென்ஸ்ங்கிற பேச்சே கிடையாது. கண்ணி வைக்கிறது, விரட்டுறது, இரை வெச்சு வரவழைக்கிறது எல்லாமே வேட்டைதான். முயற்சி பண்ணினாலே வேட்டைதான். 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1லிருந்து நடப்புக்கு வந்தது, அதன்படி காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கு. உயிருக்கோ பயிருக்கோ ஆபத்துன்னா அதிகாரி எழுத்து மூலம் அனுமதிக்கலாம். கேரளாவில் 2022ல் அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்கள் கையில் கொடுத்தாங்க. நம்ம அரசு 2025 ஜனவரியில் ஒரு கோடு போட்டது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது, 1லிருந்து 3 வரை பிடிச்சுக் காட்டில் விடணும், 3ஐத் தாண்டி வந்தா வனத்துறை ஆட்களே சுடலாம். விவசாயிக்கு அனுமதி இல்ல. துறையில் எத்தனை பேர் இருக்காங்க, எத்தனை ஊர் இருக்கு, ஒரு போன் போட்டா எப்ப வருவாங்கன்னு சித்தப்பா கேட்கிறார். நியாயம்தானே.

அந்த இடைவெளியில்தான் அசிங்கமான வேலைகள் நடக்குது. அவுட்டுக்காய்னு கேள்விப்பட்டிருப்பீங்க. தீனிக்குள்ள வெடிமருந்தை வெச்சு வரப்பில் போட்டுடுறது. பன்றி கடிச்சா தாடை போகும். யானை கடிச்சாலும் அதேதான். 2020 மே மாசம் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை ஒண்ணு வாய் சிதறி ஆத்துக்குள்ள நின்னே செத்ததை நாடே பார்த்து அழுதது. 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளி பக்கம் பயிரைக் காக்கப் போட்ட திருட்டு மின்வேலியில் மூணு யானை. அதுங்க கூட இருந்த குட்டிங்க தப்பிச்சது. மனுஷங்களும் இந்தக் கம்பியில் சாகிறாங்க. இதோட ஒப்பிட்டா மருமகனோட அம்பு ரொம்ப மரியாதையான ஆயுதம்தான், ஒத்துக்கிறேன்.

சரி, வில் வேணாம், வெடி வேணாம், துறைக்கு ஆள் இல்ல. பின்ன என்னதான் பண்றது?

கொஞ்சம் சுத்திக்கிட்டு வர்றேன். மருமகன் பண்ற பழைய வகை வில்வேட்டை அமெரிக்காவில் மறுபடி உயிர் பெற்ற கதை தெரியுமா? 1911ல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் பட்டினியோட ஒரு மனுஷர் காட்டிலிருந்து வெளியே வந்தார். யாஹி இனத்தில் கடைசி ஆள். மத்தவங்க எல்லாரையும் வெள்ளைக்காரர்கள் சுட்டும், நோயும் பசியுமா முடிச்சிருந்தாங்க. அவர் தன் பெயரைச் சொல்லவே இல்ல, அவர் மொழியில் 'மனுஷன்'ங்கிற அர்த்தத்தில் இஷின்னு கூப்பிட்டாங்க. சான் பிரான்சிஸ்கோ மியூசியத்தில் தங்க வெச்சாங்க. அங்கே சாக்ஸ்டன் போப்னு ஒரு சர்ஜன் அவர்கிட்ட வில் செய்யவும் எய்யவும் கத்துக்கிட்டார். வேட்டைக்கு முந்தின நாள் இஷி மீன் சாப்பிட மாட்டார், புகையிலை தொட மாட்டார், வாடை வரும்னு. விரலை உதட்டில் வெச்சு முயல் கத்துற மாதிரி சத்தம் எழுப்பி மிருகத்தை வரவழைப்பார். 1916ல் காசநோயில் போய்ச் சேர்ந்தார். போப் 1923ல் புத்தகம் எழுதினார், அதைப் படிச்சு ஒரு தலைமுறை வில் பிடிச்சது. 1961ல் தொடங்கின பெரிய வில்வேட்டைச் சங்கத்துக்கு வெச்சது போப் பெயரும் அவர் கூட்டாளி யங் பெயரும். இஷி பெயர் அதில் இல்ல.

இதைப் படிச்சப்ப எனக்கு வடநெம்மேலிதான் ஞாபகம் வந்தது. எங்க ஊரைத் தாண்டி ஈசிஆரில் கொஞ்ச தூரம், முதலைப் பண்ணை இருக்கிற ஊர். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் அங்கேதான். இருளர் வில் பிடிக்கிறவங்க இல்ல, அவங்க கருவி கடப்பாரை. ஆனா எயினன் குழிக்குள்ள உட்கார்ந்து என்ன படிச்சானோ அதைத்தான் இவங்களும் படிக்கிறாங்க: மண்ணில் தடம், வளை வாயில் ஈரம், எச்சம், புல் சாஞ்ச பக்கம். பாம்பும் உடும்பும் பிடிச்சுத் தோலுக்கு வித்துப் பிழைச்சவங்க. வனவிலங்குச் சட்டமும், 1976ல் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் வந்து, ஒரே அடியில் தொழில் சட்டவிரோதம் ஆச்சு. அப்ப ரோமுலஸ் விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து 1978ல் இந்தச் சங்கத்தைக் கொண்டுவந்தாங்க. யோசனை ரொம்ப எளிமை: பிடி, ஆனா கொல்லாதே. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பானையில் சில வாரம் வெச்சு, விஷம் எடுத்து, வயித்துச் செதிலில் அடையாளம் போட்டுத் திரும்ப விட்டுடணும். இந்தியாவில் பாம்புக்கடி மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இங்கேர்ந்துதான் போகுது. ஒரு அரசு அனுமதிச் சீட்டு, ஒரு அளவு, ஒரு கூலி. குற்றவாளியாக இருந்தவன் அதே திறமையோட நிபுணன் ஆயிட்டான்.

எந்த அளவுக்கு நிபுணன்னா, 2017ல் புளோரிடாவில் மலைப்பாம்பு பெருகி அவங்களால பிடிக்க முடியாம, செங்கல்பட்டுப் பக்கத்திலேர்ந்து மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் விமானம் ஏத்திக் கூட்டிட்டுப் போனாங்க. முதல் எட்டு நாளில் பதிமூணு பாம்பு, அதில் ஒண்ணு 16 அடி. 2023ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. வில்லும் மறைப்பும் காட்டி மருமகனைக் கவர்ந்த அதே அமெரிக்கா, தடம் பார்க்க ஆள் வேணும்னு இங்கே வந்து நின்னிருக்கு.

இதைத்தான் பன்றிக்கும் செய்யலாம்கிறது என் கட்சி. 3 கிலோமீட்டருக்கு அப்பால் எப்படியும் சுடத்தான் போறாங்க. 1லிருந்து 3 வரை பிடிக்கத்தான் போறாங்க. பிடிக்கிறது துப்பாக்கி தூக்குற வேலை இல்ல, தடம் பார்க்கிற வேலை. எந்த வழியா இறங்குது, எங்கே புரளுது, எத்தனை உருப்படி, குட்டியோட இருக்கா. தெரிஞ்சவங்க கையில் வலையும் கூண்டும் கொடுத்து, வட்டத்துக்கு இத்தனைன்னு அளவு வெச்சு, உருப்படிக்கு இவ்வளவுன்னு சங்கத்து மூலமா கூலி கொடுங்க. ஒரு விரியனைப் பிடிச்சா காசு கொடுக்கிற அரசுக்கு இது புரியாத யோசனை இல்லையே.

சட்டத்தில் இடம் இருக்கான்னு கேட்பீங்க. இதே 1972 சட்டத்தில் 65ஆம் பிரிவு, நிக்கோபார் தீவுகளின் பழங்குடிகளுக்கு 1967 அறிவிக்கையில் கொடுத்த வேட்டை உரிமையைத் தொட மாட்டேன்னு சொல்லுது. அந்தமானில் ஜாரவாக்கள் இன்னைக்கும் வில்லால் பன்றி அடிச்சுச் சாப்பிடுறாங்க. ஆனா நாட்டு மத்த பழங்குடிக்கெல்லாம் காட்டு உரிமை கொடுத்த 2006 சட்டம், தேனெடு, கிழங்கெடு, வேட்டை மட்டும் கூடாதுன்னு வரி எழுதி வெச்சிருக்கு. இலங்கையில் 1983ல் மாதுரு ஓயா தேசியப் பூங்காவை அறிவிச்சப்ப தம்பானை வேடர்களுக்கு நடந்ததும் இதேதான், வில்லும் கோடாலியும் தோளில் இருக்கு, காடு வேலிக்கு அந்தப் பக்கம். நான் வேட்டையைத் திறந்து விடச் சொல்லல. வேட்டை உரிமை வேற, அரசே செய்யற வேலைக்குக் கூலி ஆளா எடுக்கிறது வேற. ரெண்டாவதுக்குப் புதுச் சட்டம் வேண்டாம், எழுத்து மூலம் ஒரு அனுமதி போதும். பாம்புக்கு அப்படித்தானே நடக்குது.

இதில் எனக்கே ஒரு தயக்கம் இருக்கு. இருளர்னா பாம்பு, எலி, பன்றின்னு மறுபடி ஒரு மூலையில் தள்ளுறதா ஆயிடக் கூடாது. செங்கல் சூளையிலும் அரிசி மில்லிலும் கொத்தடிமையா இருந்து மீட்கப்பட்ட குடும்பங்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கு. அவங்க பிள்ளைங்க படிச்சு வேற வேலைக்குப் போகணும்னுதான் நினைக்கிறாங்க, இனச்சான்றிதழ் வாங்கறதுக்குள்ள பாதிப் பேர் படிப்பை விட்டுடறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர்கிட்ட இந்தப் பன்றி யோசனையைச் சொன்னேன். சிரிச்சார். "பண்ணலாம் சார். என் காலம் வரைக்கும் ஆள் இருக்கு. பையன் பைக் மெக்கானிக், அவனுக்குத் தடம்னா டயர் தடம்தான் தெரியும்" என்றார். விருப்பம் உள்ளவங்களுக்கு மட்டும், நல்ல கூலியோட, சான்றிதழும் கையில் கொடுத்துட்டுன்னு சேர்த்துக்கறேன்.

மருமகனுக்கு வருவோம். வில் எய்யணும்னா தாராளமா எய்யட்டும், வைக்கோல் பொம்மை மேல. பதுங்கி உட்காரணும்னா உட்காரட்டும், அதுக்குச் சட்டம் குறுக்கே வராது. பெரியவர் கூட ரெண்டு நாள் வரப்பில் நடக்க வைக்கறேன்னு சொல்லியிருக்கேன். கூலி அவன்தான் கொடுக்கணும், டாலரில்.

பிடிச்ச பன்றியை என்ன பண்றதுங்கிறதில் மட்டும் எனக்கும் சித்தப்பாவுக்கும் ஒத்துவரல. கேரளாவில் சுட்டதைப் புதைக்கணும்னு விதி, சாப்பிட்டா கேஸ். எதுக்கு வீணா மண்ணில் போடணும்கிறார் அவர். கறிக்கு விலை வந்துட்டா 3 கிலோமீட்டர் கோடு ஒரே ராத்திரியில் காட்டுக்குள்ள நகர்ந்துடும்கிறேன் நான்.